இரவு நெடுஞ்சாலையில் 110 போகலாமா? லைட் எட்டும் தூரம், வண்டி நிற்கும் தூரம்

செந்தூல்வாசகி | 12 அக்டோபர் 2024, இரவு 9.40

தீபாவளிக்கு கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ராத்திரிதான் கிளம்ப முடியும். பிளஸ் நெடுஞ்சாலைப் பலகையில் 110 என்று இருக்கு. பகலுக்கும் ராத்திரிக்கும் அதே 110 தானா? "ரோடு காலியா கிடக்கும், ராத்திரிதான் வசதி" என்று ஒரு கட்சி. "80-ஐத் தாண்டாதே" என்று இன்னொரு கட்சி. "பார்த்துப் போங்க" என்ற பதில் வேண்டாம். எவ்வளவு வேகம், எதை வைத்து அந்தக் கணக்கு, இது ரெண்டும்தான் வேணும்.

பிறை_ஓட்டி | 12 அக்டோபர் 2024, இரவு 10.25

பலகை சொல்வது சட்டம் அனுமதிக்கும் உச்சம். ராத்திரி வேகத்தை முடிவு பண்ணுவது உங்க லைட். லைட்டில் தெரிகிற தூரத்துக்குள் வண்டி நிற்குமா என்று மட்டும் பாருங்க.

110 என்றால் நொடிக்கு 30.6 மீட்டர். கண் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்கில் போய் விழ ஒன்றரை நொடி என்று வைத்தால் அதிலேயே 46 மீட்டர் போயிடும். காய்ந்த ரோடு, நல்ல டயர், முழு பிரேக் என்றால் ஒவ்வொரு நொடிக்கும் 25 கிலோமீட்டர் வேகம் குறையும். அந்தக் கணக்கில் நிற்க இன்னும் 67 மீட்டர். மொத்தம் 113. ஈரத்தில் நொடிக்கு 16 கிலோமீட்டர்தான் குறையும் என்று வைங்க, மொத்தம் 150 ஆகிடும்.

90-இல் இதே கணக்கு காய்ந்த ரோட்டில் 82, ஈரத்தில் 107. 80-இல் 69, 88.

லோ பீமில் (தாழ்த்தின லைட்டில்) எதிரே கிடக்கும் கறுப்புப் பொருள், அதாவது ரிஃப்ளெக்டர் இல்லாத டயர் துண்டோ மாடோ, 60 மீட்டர் வாக்கில்தான் கண்ணுக்குப் பிடிபடும். வித்தியாசத்தை நீங்களே பார்த்துக்குங்க.

பிறை_ஓட்டி | 12 அக்டோபர் 2024, இரவு 10.41

ஓடுற வண்டியில் மீட்டர் அளக்க முடியாது, அதனால் நொடியில் எண்ணுங்க. லைட்டில் தெளிவாகத் தெரியும் கடைசி இடத்தில் ஒரு அடையாளம் பிடிச்சுக்குங்க: ரோட்டில் ஒரு ஒட்டுப் போட்ட இடம், கோடு அழிந்த இடம், பாலத்தின் இணைப்பு. அது கண்ணில் பட்டதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று எண்ணுங்க. காய்ந்த ரோட்டில் நாலு எண்ணுமுன்னே அது உங்க சக்கரத்துக்கு அடியில் வந்துட்டா வேகம் அதிகம். ஈரத்தில் ஐந்து.

பலகை, பூனைக்கண், தடுப்புக் கம்பியின் ரிஃப்ளெக்டர் எதையும் அடையாளமா எடுக்காதீங்க. அதெல்லாம் 200, 300 மீட்டரிலேயே பளபளக்கும். ரோடு முழுக்கத் தெரியுது என்ற பொய் நம்பிக்கை வருவதே அதனால்தான். தெரிவது ரோட்டின் ஓரம். ரோட்டில் என்ன கிடக்குது என்பது தெரியாது.

பட்டறைக்காரர்_கப்பாளாபத்தாஸ் | 13 அக்டோபர் 2024, காலை 8.10

தம்பி சொன்ன 60 மீட்டர் எங்கிருந்து வருதுன்னு சொல்றேன். லோ பீமுக்கு மேலே வெட்டின மாதிரி ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு 100-க்கு 1 என்ற சாய்வில் கீழே இறங்கணும். சின்னக் காரில் லைட் தரையிலிருந்து 65 செ.மீ. உயரம் என்று வச்சா, 65 மீட்டரில் வெளிச்சம் தரையைத் தொட்டு முடிஞ்சிடும். சாய்வு 1.3 ஆனா 50 மீட்டர். 2.5 ஆனா வெறும் 26 மீட்டர். 110-இல் 26 மீட்டர் ஒரு நொடிகூட இல்லை.

2.5 எப்படி ஆகும்? ஸ்டீயரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், லைட்டை ஏத்தி இறக்க. பின்னால் ஆளும் பெட்டியும் ஏறினா வண்டியின் மூக்கு தூக்கும், அப்போ லைட்டை இறக்கத்தான் அது. ஒரு தடவை பாரம் ஏத்தி 3-இல் வச்சவங்க திருப்பி 0-க்குக் கொண்டு வர்றதே இல்லை. லைட் மங்கலா இருக்குன்னு பல்பு மாத்த வர்ற வண்டிகளில் முதலில் அந்தச் சக்கரத்தைத்தான் பார்க்கணும். காசில்லாத வேலை.

செந்தூல்வாசகி | 13 அக்டோபர் 2024, மதியம் 1.05

நன்றி அண்ணே. இதை வீட்டிலேயே சரிபார்க்க வழி இருக்கா? வொர்க்‌ஷாப்பில் லைட்டை எந்த அளவுக்கு வச்சாங்கன்னு யாரும் சொல்றதில்லை.

பட்டறைக்காரர்_கப்பாளாபத்தாஸ் | 13 அக்டோபர் 2024, இரவு 7.50

தாராளமா பார்க்கலாம்மா. ஒரு சுவர், சமதரை, 10 மீட்டர் இடம், மாஸ்கிங் டேப். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம் ரொம்பத் தோது.

முதலில் நாலு டயருக்கும் காற்று சரியா அடிச்சிடுங்க. பெட்ரோல் அரை டாங்கி. ஓட்டுற ஆள் சீட்டில் உட்காரணும், பின்னால் பாரம் வேண்டாம், சக்கரம் 0-இல். வண்டியை சுவரை ஒட்டிக் கொண்டு போய், ரெண்டு லைட்டின் நடுப்புள்ளி உயரத்திலும் சுவரில் டேப் ஒட்டுங்க. அப்புறம் நேரா 10 மீட்டர் பின்னால் வாங்க. லோ பீம் போடுங்க. வலது பக்கம் படுக்கையா இருக்கும் வெளிச்சக் கோடு டேப்புக்கு 10 செ.மீ. கீழே விழணும். 5 மீட்டர்தான் இடம் இருக்குன்னா 5 செ.மீ. சில லைட்டுக்கு 1.2, 1.3 என்று அதன் மேலேயே சதவீதம் போட்டிருக்கும், அப்படி இருந்தா அதைத்தான் எடுக்கணும்.

கோடு கீழே கிடந்தா லைட்டின் முதுகில் இருக்கும் ஸ்குரூவை பிளஸ் ஸ்குரூ டிரைவரால் கால் சுற்றா திருப்புங்க. டேப்புக்கு மேலே தூக்கி வைக்காதீங்க. எதிரே வர்றவன் கண்ணைக் குருடாக்கிட்டு நமக்கு வெளிச்சம் தேடக் கூடாது.

பின் சீட்டில் மூணு பேர், பூட் நிறையப் பலகாரம் என்று கிளம்பும்போது சக்கரத்தை 1 அல்லது 2-க்குத் திருப்பணும். பினாங்கில் எல்லாத்தையும் இறக்கினதும் 0-க்கு.

பிறை_ஓட்டி | 14 அக்டோபர் 2024, இரவு 11.15

அண்ணன் "வலது பக்கம்" என்று சொன்னதைக் கவனிங்க. நான் மொத்தமா 60 மீட்டர் என்று எழுதினது பாதி சரி, திருத்திக்கிறேன். நம்ம நாட்டில் இடது பக்கம் ஓட்டுறோம், அதனால் லோ பீமின் கோடு இடது பக்கம் மேலே ஏறும். ரோட்டின் இடது ஓரத்தில் இருப்பது 65-ஐத் தாண்டியும் தெரியும். நேர் எதிரிலும் வலது பக்கமும்தான் வெட்டு.

அப்படின்னா வேகத் தடத்தில், அதாவது வலது ஓரத் தடத்தில் போகும்போது, ஏறுகிற வெளிச்சம் பக்கத்துத் தடத்துக்குப் போகுது. நடுத்தடுப்பை ஒட்டிக் கிடக்கும் பொருளுக்கு மிச்சம் கிடைப்பது வெட்டின வெளிச்சம். ராத்திரி ரோடு காலியா இருந்தா இடது தடம்தான் அதிகம் தெரியும் தடம். வேகமாப் போகிறவர்கள் எல்லாரும் குறைவாகத் தெரியும் தடத்தில்தான் போறாங்க.

லோரி_40அடி | 15 அக்டோபர் 2024, விடிகாலை 4.30

ஒன்றரை நொடி கணக்கை நான் ஒத்துக்க மாட்டேன். பிரேக் போடணும்னு தெரிஞ்சு காத்திருக்கிறவனுக்குத்தான் அது. எதிர்பார்க்காத பொருள், இருட்டு, "அது என்ன, நிழலா ஆளா"ன்னு மூளை தடுமாறும் நேரம், இதெல்லாம் சேரணும். ரோடு போடுற இன்ஜினியர்களே வடிவமைப்புக்கு 2.5 நொடிதான் எடுக்கிறாங்க. அதைப் போட்டுக் கணக்குப் பாருங்க.

பிறை_ஓட்டி | 15 அக்டோபர் 2024, காலை 7.20

லோரி அண்ணன் சொல்வதுதான் சரி. 2.5 நொடி போட்டால் காய்ந்த ரோட்டிலேயே 110-க்கு 143 மீட்டர், 90-க்கு 107, 80-க்கு 91. ஈரத்தில் 180, 132, 110.

நாலு நொடி என்று சொன்னதை அழிச்சிடுங்க. காய்ந்த ரோட்டில் ஐந்து, ஈரத்தில் ஆறு.

65 மீட்டரில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பொருள் கிடக்குதுன்னு வைங்க. 80-இல் வந்தால் 68-இல் மோதுவோம். 90-இல் வந்தால் 87-இல். 110-இல் வந்தால் கால் பிரேக்கைத் தொடுவதற்கு முன்னாடியே, குறையாத 110-இல். இருபது முப்பது கிலோமீட்டர் வேகம் ஒரு பெரிய விஷயமா என்பவர்கள் இந்த மூணு எண்ணை ஒருமுறை படிக்கணும்.

செந்தூல்வாசகி | 15 அக்டோபர் 2024, மதியம் 12.50

அப்போ லோ பீமில் நிஜமாகவே நிற்கக் கூடிய வேகம் எவ்வளவு? 60-ஆ? நெடுஞ்சாலையில் 60-இல் போனா பின்னால் வர்ற லோரி நம்ம மேல ஏறிடுமே.

பிறை_ஓட்டி | 15 அக்டோபர் 2024, இரவு 10.05

கணக்குப்படி 60தான் அக்கா, 62 மீட்டரில் நிற்கும். நீங்க பயப்படுவதும் நியாயம். கனரக வண்டிகள் 90 வரை வரும் ரோட்டில் 60-இல் நகர்வது இன்னொரு ஆபத்து. அதனால் வேகத்தை மட்டும் குறைச்சா போதாது, தெரியும் தூரத்தையும் கூட்டணும்.

ஹை பீமில் கறுப்புப் பொருள் 120 மீட்டர் வாக்கில் தெரியும். முன்னால் வண்டி இல்லை, எதிரே கண் கூசுற மாதிரி யாரும் இல்லைன்னா ஹை பீம்தான் இயல்பு, லோ பீம் விதிவிலக்கு. நம்ம ஊரில் இது தலைகீழா நடக்குது: ஹை பீமை விரட்டுறதுக்கு மட்டும்தான் பயன்படுத்துறோம். நடுத்தடுப்பில் செடி அடர்த்தியா இருக்கும் இடங்களில் எதிர் வெளிச்சம் மறைஞ்சிடும், அங்கே தயங்காமப் போடலாம். முன்னால் போகும் காருக்கு 200 மீட்டருக்குள் வந்ததும் இறக்கிடணும், அவங்க கண்ணாடியில் அது தீ மாதிரி அடிக்கும்.

இன்னொரு வழி முன்னால் போகும் கார். 90-இல் போகும் ஒரு காருக்குப் பின்னால் ஐந்து நொடி, அதாவது 125 மீட்டர் விட்டுப் போனா, அந்தத் தடத்தை அவங்க லைட் நமக்கு முன்னாடியே துடைச்சிட்டுப் போகுது. அவங்க பிரேக் லைட், சட்டுன்னு ஒரு விலகல், டயர் துண்டு மேல ஏறின குலுக்கல், எல்லாம் நமக்குச் செய்தி. லோரிக்குப் பின்னால் இது பலிக்காது, அது ரோட்டை மறைச்சிடும்.

ஆக என் பதில்: ஹை பீம், காய்ந்த ரோடு, காலி என்றால் 90. லோ பீம் மட்டும் என்றால், 90-இல் போகும் காரைப் பிடித்து ஐந்து நொடி இடைவெளியில். இரண்டும் இல்லை என்றால் இடது தடத்தில் 80. விளக்கில்லாத 100 கிலோமீட்டரை 110-க்குப் பதில் 90-இல் போனா 12 நிமிஷம் கூடும். அவ்வளவுதான் விலை.

லோரி_40அடி | 16 அக்டோபர் 2024, விடிகாலை 3.55

கிடக்கிற பொருளையே பேசுறீங்க. மெதுவாப் போற வண்டிதான் அதைவிட அதிகம் ஆளைக் கொல்லுது. ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் மெனோரா சுரங்க ஏற்றம், அதைத் தாண்டி புக்கிட் பெராப்பிட். பாரம் ஏத்தின லோரி அங்கே 40-இல்தான் ஏறும். பின்னால் 110-இல் வர்றவனுக்கு ரெண்டு சிவப்பு விளக்கு தெரியும், ஆனா அது 90-இல் போகுதா 40-இல் போகுதான்னு தெரியாது.

ரெண்டு விளக்குக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி விரியறதை வச்சுத்தான் கண் வேகத்தைப் பிடிக்கும். 70 கிலோமீட்டர் வேக வித்தியாசத்தில் அந்த விரிவு 100 மீட்டர் சுமாருக்கு வந்த பிறகுதான் உறைக்கும். அப்போ மிச்சம் ஐந்து நொடி. அதனால் ஏற்றத்தில் சிவப்பு தெரிஞ்சதும், வேகம் தெரியறதுக்குக் காத்திருக்காம, காலை எடுத்திடுங்க. அது வேகமாப் போற வண்டின்னா அது பாட்டுக்குப் போயிடும், உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

கப்சாய்க்கு, அதாவது சின்ன மோட்டார் சைக்கிளுக்கு, ஒரே விளக்குதான். விரியறதுக்கு ரெண்டாவது விளக்கே இல்லை. பின் பல்பு 5 வாட், அதுவும் சேறு படிஞ்சிருக்கும். மோட்டாருக்கு பிளஸில் டோல் இல்லை, வேலை முடிஞ்சு ராத்திரி போறவங்க நிறையப் பேர். தனிச் சிவப்புப் புள்ளி ஒன்னு தெரிஞ்சா அது தூரத்தில் போற கார் இல்லை, கிட்டத்தில் போற மோட்டார்னு எடுத்துக்குங்க. அவசரத் தடத்தில் அசையாம நிற்கிற சிவப்பைப் பார்த்தாலும் தடம் மாறிடுங்க. அது பாதி உங்க தடத்தில் நிற்கலாம்.

பட்டறைக்காரர்_கப்பாளாபத்தாஸ் | 16 அக்டோபர் 2024, காலை 9.00

மோட்டார்காரங்க யாராவது இதைப் படிச்சா: பின் லைட் மூடியைக் கழற்றி உள்பக்கத்தை சோப்புத் தண்ணியில் கழுவுங்க. பல்பு 12 வோல்ட் 21/5 வாட்டா, அல்லது உங்க வண்டிக்குச் சொன்னதா பாருங்க, பல்பின் காலில் பச்சைக் களிம்பு பிடிச்சிருந்தா சுரண்டிடுங்க. மட்கார்டில் ஒரு அடி நீளத்துக்கு சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப். பல்பு செத்தாலும் அது சாகாது.

காருக்குத் தனி லைட் பல்பு வாங்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஹாலஜன் எச்4 பல்பு 60/55 வாட். அந்தக் கூட்டுக்குள் எல்இடி பல்பை மாட்டினா பளிச்சுன்னு இருக்கும், ஆனா வெளிச்சம் பிறக்கிற இடம் மாறிடுறதால வெட்டுக் கோடு கலைஞ்சு மேலே சிதறும். காருக்குக் கிட்டே வெள்ளையா, தூரத்தில் குறைவா. கிட்டே அதிக வெளிச்சம் விழுந்தா கண்மணி சுருங்கி தூரத்து இருட்டு இன்னும் கெட்டியாகும். அந்தக் காசில் மஞ்சள் பூத்த லைட் கண்ணாடியைத் தேய்ச்சு எடுங்க: 1000, 2000, 3000 நம்பர் தாள் வரிசையா, தண்ணி விட்டு, அப்புறம் பாலிஷ், கடைசியில் புற ஊதா தடுக்கும் பூச்சு. அந்தப் பூச்சை விட்டுட்டா சில மாசத்தில் திரும்பவும் மஞ்சள்.

செந்தூல்வாசகி | 18 அக்டோபர் 2024, இரவு 9.20

சுவர்ச் சோதனை செய்தாச்சு. கோடு 10 மீட்டரில் டேப்புக்கு 21 செ.மீ. கீழே கிடந்தது. சக்கரம் 2-இல் இருந்தது. 0-க்கு மாத்தினதும் 11 செ.மீ. ஸ்குரூவைத் தொடவே இல்லை.

பிறை_ஓட்டி | 18 அக்டோபர் 2024, இரவு 9.48

அதாவது 31 மீட்டரில் முடிஞ்ச வெளிச்சம் 59-க்குப் போயிருக்கு. அருமை அக்கா.

முன் கண்ணாடியின் உள்பக்கத்தையும் துடைங்க. டேஷ்போர்டு சூட்டில் கக்கும் ஆவி ஒரு மெல்லிய படலமாப் படிஞ்சிருக்கும், பகலில் தெரியாது, எதிர் லைட் பட்டதும் பால் ஊத்தின மாதிரி ஆகும். ஈரத் துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று. டிண்டட், அதாவது கண்ணாடியில் ஒட்டும் கறுப்புப் படலம், அதுக்கான 2019 விதிப்படி முன் கண்ணாடியில் 70 சதவீத வெளிச்சமாவது உள்ளே வரணும், முன் பக்கக் கண்ணாடியில் 50. அதைவிட இருட்டா ஒட்டியிருந்தா மேலே எழுதின எல்லா மீட்டரும் சுருங்கும்.

பிறை_ஓட்டி | 21 அக்டோபர் 2024, இரவு 8.30

இரண்டு நாளா சாயங்காலம் கொட்டுது. அக்டோபர், நவம்பர் பருவமாற்ற மழை. ஈர ரோட்டுக்கு ஆறு நொடி என்று மேலே எழுதினது பிரேக் கணக்கு. தண்ணி தேங்கின இடத்தில் டயரே மிதந்துடும், அங்கே பிரேக்குக்கு வேலையே இல்லை.

போத்தாக் டயருக்கு, அதாவது தேய்ந்து மொட்டையான டயருக்கு, ஒரு பழைய சூத்திரம் உண்டு, விமான டயருக்குக் கண்டுபிடிச்சது: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினா மிதக்க ஆரம்பிக்கும் வேகம், மணிக்கு இத்தனை கடல் மைல் என்று. 32 பிஎஸ்ஐ என்றால் 94 கிலோமீட்டர். 25-க்கு இறங்கியிருந்தா 83. டயர் பூ, அதாவது பள்ளத்தின் ஆழம், சட்டப்படி 1.6 மி.மீ. இருந்தா போதும், ஆனா மழை ராத்திரிக்கு 3-க்குக் கீழே போனதும் மாத்திடணும். கொட்டும் மழையில் 70.

மழையில் நாலு பக்கமும் மினுக்கு விளக்கைப் போட்டுக்கிட்டு ஓடாதீங்க. தடம் மாறும் சைகை தெரியாமப் போகுது, நிற்கிற வண்டியா ஓடுற வண்டியா என்ற குழப்பமும் சேருது. லோ பீம் போதும். மழையில் ஹை பீம் போட்டா துளிகள்தான் பளபளக்கும்.

லோரி_40அடி | 22 அக்டோபர் 2024, விடிகாலை 5.10

மீட்டர் முள்ளையும் பாருங்க. ரெண்டு மணி நேரம் 110-இல் வந்தவனுக்கு 70 நடக்கிற மாதிரி இருக்கும். இருட்டில் பக்கத்தில் மரம் வீடு எதுவும் ஓடாததால இன்னும் மோசம். வெளியேறும் வளைவில் 40 போட்டிருப்பான், 75-இல் நுழைஞ்சுட்டு மெதுவாத்தான் வந்தேன்பாங்க. உடம்புக் கணக்கு வேண்டாம், முள்ளு சொல்றதுதான்.

தூக்கத்தை யாரும் சொல்லலை. 2 மணியிலிருந்து 5 வரைக்கும் உடம்பே தூங்கத்தான் பார்க்கும். கண் நாலு நொடி மூடினா 90-இல் 100 மீட்டர். தாப்பா, சுங்கை பேராக் ஓய்வுத்தலம் எதிலாவது ஒரு காப்பி குடிச்சிட்டு உடனே 20 நிமிஷம் படுத்திடுங்க. எழும்பும்போது காப்பி வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கும். ஜன்னலைத் திறக்கிறது, பாட்டைக் கூட்டுறது ரெண்டும் பத்து நிமிஷம்கூடத் தாங்காது.

செந்தூல்வாசகி | 26 அக்டோபர் 2024, மதியம் 2.15

கிளம்புறதை ராத்திரி 11-லிருந்து சாயங்காலம் 6-க்கு மாத்தியாச்சு. அம்மாவும் கொஞ்ச தூரம் ஓட்டுவாங்க, வயசு 62. அவங்களுக்கும் இதே கணக்கா?

பிறை_ஓட்டி | 26 அக்டோபர் 2024, இரவு 10.30

இல்லை. 60 வயசுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் 20 வயசுக் கண்ணுக்குப் போவதில் மூணில் ஒரு பங்குதான். எதிர் வெளிச்சம் பட்டுக் கூசின பிறகு பார்வை திரும்பவும் கூடுதல் நொடி ஆகும். வெளிச்சம் இருக்கும்வரை அம்மா ஓட்டட்டும், இருட்டினதும் நீங்க. திரும்பி வரும்போது பினாங்குப் பாலத்தில் அவங்களுக்குக் கொடுக்கலாம், விளக்கு இருக்கு, வரம்பும் 80தான். எதிர் வண்டி கூசும்போது கண்ணை இடது ஓர வெள்ளைக் கோட்டுக்குத் திருப்பச் சொல்லுங்க.

பட்டறைக்காரர்_கப்பாளாபத்தாஸ் | 3 பிப்ரவரி 2025, இரவு 8.00

தைப்பூசம் 11-ஆம் தேதி, அதனால் இந்த இழையைத் திரும்ப மேலே கொண்டு வர்றேன். பத்துமலைக்கும் தண்ணீர்மலைக்கும் ராத்திரி நடந்து போறவங்க ரோட்டோரத்தில் இருப்பாங்க. அது நெடுஞ்சாலை இல்லை, ஆனா கணக்கு அதேதான். கறுப்புச் சட்டை லோ பீமில் 30 மீட்டர் வாக்கில்தான் தெரியும். 50-இல் வர்ற கார் நிற்க 48 மீட்டர் வேணும். வெள்ளை, மஞ்சள் துணி கொஞ்சம் பரவாயில்லை. ரிஃப்ளெக்டர் பட்டை 150-ஐத் தாண்டியும் தெரியும்.

பட்டையைக் கையிலோ நெஞ்சிலோ கட்டுறதைவிடக் கணுக்காலில் கட்டுங்க. கால் மேலும் கீழும் போறதைப் பார்த்ததும் ஓட்டுறவனுக்கு அது மனுஷன்னு உடனே புரியும். கூட்டமா நடந்தா கடைசி ஆளுக்குக் கண்டிப்பா வேணும். குழந்தையைத் தோளில் தூக்கினவங்க, ரோட்டுப் பக்கத் தோளில் இருந்து உள்பக்கத் தோளுக்கு மாத்திக்குங்க.

லோரி_40அடி | 4 பிப்ரவரி 2025, விடிகாலை 4.05

பால் குடம் தூக்கினவங்க கால் பார்த்து நடப்பாங்க, வண்டியைப் பார்க்க மாட்டாங்க. கூடப் போறவங்களில் ஒருத்தர் பின்னாடி கைவிளக்கோட வரணும். விளக்கைத் தரைக்குப் பிடிங்க, ஓட்டுறவன் முகத்துக்கு வேண்டாம்.